சுத்துற அஞ்சறைப் பெட்டிக்கு எஃப்இஆர் வந்திருக்கு, ரிஜெக்ட் ஆயிடுச்சா?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கற மத்தவங்களுக்கும் வெளங்கணும்ல. சேலம் சூரமங்கலத்துல சின்னதா பட்டறை வச்சிருக்கீங்க. ஆறு டப்பா வட்டமா நிக்கும், மேல இருக்கற குமிழைத் திருகினா ஒரு திருகுக்கு அரை ஸ்பூன் தூள் மட்டும் கீழ விழும், அப்படி ஒரு அஞ்சறைப் பெட்டி செஞ்சு பேட்டன்ட்டுக்கு சென்னை ஆபீஸ்ல போட்டிருக்கீங்க. இப்ப எஃப்இஆர், அதாவது முதல் பரிசோதனை ரிப்போர்ட் வந்திருக்கு. க்ளெய்ம், அதாவது இதுக்கு எனக்கு உரிமை வேணும்னு நீங்க எண் போட்டு எழுதின வரிகள்ல, 1ல புதுமையே இல்ல, 2ல இருந்து 8 வரைக்கும் இன்வென்டிவ் ஸ்டெப் (துறை தெரிஞ்சவனுக்கும் சட்டுனு தோணாத தன்மை) இல்ல, போதாக்குறைக்கு பேட்டன்ட் சட்டத்தோட செக்ஷன் 3(எஃப்)லயும் மாட்டுதுன்னு எழுதியிருக்காங்க. ரிஜெக்ட் ஆயிடுச்சா, இதுக்கு மேல காசு போடலாமா, அடுத்து தட்டுவடை செட் கடைக்கு சட்னி ஊத்தற மாடல் ஒண்ணு பண்றேனே அதையும் இதுலயே சேர்த்துடலாமா, இதானே கேள்வி.

ரிஜெக்ட் ஆகலைங்க. எஃப்இஆர்ங்கறது பேச்சுவார்த்தை ஆரம்பிக்கற லெட்டர். ஒரு ஆட்சேபணையும் இல்லாம நேரா கிராண்ட் ஆகறது ரொம்ப அபூர்வம், பெரிய பெரிய கம்பெனி அப்ளிகேஷனுக்கே நாலு பக்கம் ஆறு பக்கம் வரும். ஆனா பதில் போடாம விட்டீங்கன்னா அப்ப கதை முடிஞ்சுது, செக்ஷன் 21 படி நீங்களே கைவிட்டதா எடுத்துக்குவாங்க, அதுக்கு தனியா ஒரு ஆர்டர் கூட போட வேண்டியதில்ல. ரிப்போர்ட் அனுப்பின தேதில இருந்து 6 மாசம் டைம், அந்த 6 மாசம் முடியறதுக்குள்ள படிவம் 4 போட்டா இன்னும் 3 மாசம் வரை கிடைக்கும். மெயிலை ஸ்பேம்ல விட்டுட்டு நான் பார்க்கவே இல்லைங்கன்னு சொல்றது செல்லாது.

கல்கத்தா அதிகாரி கையெழுத்து இருக்கே, நான் சென்னைல தானே போட்டேன்னு ஒரு வரி கேட்டிருந்தீங்க. அதுல ஒண்ணும் இல்ல, சென்னை டெல்லி மும்பை கல்கத்தான்னு நாலு ஆபீஸ் இருக்கு, எங்க போட்டாலும் பரிசோதனைக்கு சப்ஜெக்ட் பார்த்து பிரிச்சு விட்டுடுவாங்க. உங்க வாதத்தைக் கேக்கற ஹியரிங்கும் வீடியோ கால்ல தான் நடக்குது, சேலத்துல உக்காந்துட்டே பேசலாம், கல்கத்தாவுக்கு டிக்கெட் போட வேண்டாம்.

இப்ப ரிப்போர்ட்டை எப்படி படிக்கறதுன்னு பாருங்க. முதல் பக்கத்துல ஒரு டேபிள் இருக்கும், புதுமை, இன்வென்டிவ் ஸ்டெப், தொழில்ல பயன்படுமா, தெளிவு இருக்கான்னு வரிசையா ஆமா இல்லைன்னு போட்டிருப்பாங்க. எல்லாரும் அந்த டேபிளைப் பார்த்து தான் பயந்துக்கறாங்க. அது வெறும் சுருக்கம், விஷயம் ரெண்டாவது பகுதியில இருக்கு. அங்க டி1, டி2ன்னு பழைய ஆவணங்களைக் காட்டி, உங்க க்ளெய்மோட எந்த உறுப்பு அதுல எந்த பாராவுல இருக்குன்னு எழுதியிருப்பாங்க. மூணாவது பகுதி படிவம் சம்பந்தப்பட்டது, படிவம் 3 (வெளிநாட்டுல போட்ட அப்ளிகேஷன் விவரம்) புதுசா போடு, சின்ன நிறுவனம்னு கட்டணம் குறைச்சு கட்டியிருக்கியே சிறு தொழில் பதிவுக்கான உத்யம் சர்டிஃபிகேட் எங்க, இந்த மாதிரி. இதை ஒரு சாயங்காலத்துல முடிச்சுடலாம், ஆனா முடிக்காம விட்டா அதுக்காகவே இழுத்தடிக்கும்.

ரெண்டாவது பகுதிக்கு வருவோம், அங்க தான் உங்களுக்கு வேலை. நீங்க அனுப்பின க்ளெய்ம் 1 கிட்டத்தட்ட இப்படி இருக்கு: பல டப்பாக்கள், அதைத் தாங்கற சுழலும் அடித்தட்டு, ஒரு குமிழ், குமிழைத் திருப்பினா குறிப்பிட்ட அளவு மசாலாவை வெளியே விடற ஒரு வாய், இவை கொண்ட ஒரு சாதனம். தம்பி, கோவிச்சுக்காதீங்க, இது உலகத்துல பாதி பேர் செஞ்சு வச்சது. திருகினா தூள் வர்ற சாமான் ஒண்ணும் புதுசில்ல, கார் செய்யற பெஜோ கம்பெனி இருக்கு பாருங்க, அவங்க கார் செய்யறதுக்கு முன்னாடியே 1874ல மிளகு அரைக்கற கைத்திருகு போட்டவங்க. அளவா தூள் விடற சக்கரம், சுத்துற மசாலா ஸ்டாண்டு இதெல்லாம் அமெரிக்கால பல பத்தாண்டா பேட்டன்ட் ஆயி காலாவதியும் ஆயிருக்கு. உங்க டி1 அப்படி ஒரு அமெரிக்க பேட்டன்ட் தான், அதுல படத்துல ஒண்ணொண்ணா எண்ணிப் பார்த்தா உங்க க்ளெய்ம் 1ல இருக்கற அத்தனையும் இருக்கு. ஒரே ஆவணத்துல எல்லா உறுப்பும் இருந்துட்டா புதுமை போச்சு, அங்க வாதம் பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க.

அது காலாவதி ஆன பேட்டன்ட் தானே, அப்புறம் எப்படி எனக்கு எதிரா காட்டலாம்னு அடுத்து கேப்பீங்க. எல்லாரும் கேக்கறது தான். காலாவதி ஆனதால நீங்க அதை தாராளமா செஞ்சு விக்கலாம், ஆனா அது ஏற்கனவே உலகத்துக்குத் தெரிஞ்ச விஷயம், அதை உங்க பேர்ல எழுதிக்க முடியாது. டி2 ஒரு சீன யூட்டிலிட்டி மாடல், அதாவது சின்னக் கண்டுபிடிப்புக்குக் கொடுக்கற குட்டி பேட்டன்ட் மாதிரி. சீனாவுல அந்த வகைக்கு உள்ளடக்கத்தை ஆழமா பரிசோதிக்காமலே சர்டிஃபிகேட் கொடுத்துடுவாங்க, நம்ம நாட்டுல அந்த சிஸ்டமே கிடையாது, இருந்தாலும் வெளியான ஆவணம்னா ஆவணம் தான், பரிசோதிச்சாங்களா இல்லையான்னு யாரும் பார்க்க மாட்டாங்க. கிச்சன் சாமான்ல சீன யூட்டிலிட்டி மாடல் குவியல் குவியலா கிடக்கு, எக்ஸாமினர் தேடினா முதல்ல வந்து விழறதே அது தான்.

நீங்களும் ஒரு தடவை தேடிப் பாருங்க, எக்ஸாமினர் காட்டாததையும் தெரிஞ்சு வச்சுக்கறது ஹியரிங்ல உதவும். வெறும் வார்த்தைய போட்டுத் தேடினா சமையல் குறிப்பு தான் வரும். வகைப்பாட்டு எண் போட்டுத் தேடுங்க: உப்பு மிளகு தூவற குடுவைக்கு ஏ47ஜி 19/24, அளவா விடற அமைப்பு உள்ள சமையலறை டப்பாவுக்கு ஏ47ஜே 47/01, ஒவ்வொரு தடவையும் ஒரே கொள்ளளவை பிரிச்சு விடற கருவிக்கு ஜி01எஃப் 11, தூள் விடற பேக்கேஜுக்கு பி65டி 83/06. ஐரோப்பிய பேட்டன்ட் ஆபீஸோட தேடல் தளமான எஸ்பாஸ்நெட்ல சும்மா கிடைக்குது, நம்ம நாட்டு அப்ளிகேஷனுக்கு இன்பாஸ்னு ஆபீஸ் வெப்சைட்லயே இருக்கு. எண்ணைத் தட்டறப்ப இங்கிலீஷ் எழுத்துல தட்டணும், நான் தமிழ்ல எழுதியிருக்கேன்.

சரி, க்ளெய்ம் 1 போனா என்ன மிச்சம்? உங்க ஸ்பெசிஃபிகேஷனை, அதாவது சாமானை விவரிச்சு அப்ளிகேஷனோட போட்ட எழுத்தை, படிச்சேன். பெட்டியோட அழகு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஆறு டப்பா, எல்லாத்தையும் பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க. நிஜமான சரக்கை ஒரே பாராவுல, அதுவும் போற போக்குல எழுதியிருக்கீங்க. படம் 4ல டப்பாவுக்குக் கீழ ஒரு உருளை, அதுல ஒரு குழி, அதே அச்சுல மேல நீட்டிக்கிட்டு ஒரு வளைஞ்ச கம்பி, கீழ ஒரு கேம் (அச்சோட சுத்தி பக்கத்துல இருக்கறதைத் தள்ளற மேடுள்ள துண்டு), அந்த கேம் தள்ளினா மட்டும் திறக்கற ஒரு மூடி. உங்க பெரியம்மா வீட்ல ஏற்காட்டுல வச்சுப் பார்த்தப்ப மழைக்காலத்துல மொளகாத்தூள் கட்டி விழாம நின்னுச்சுன்னு சொன்னீங்களே, அதனால தானே கம்பியையும் மூடியையும் போட்டீங்க. அது தான் உங்க கண்டுபிடிப்பு. மத்ததெல்லாம் அதைச் சுத்தி இருக்கற டப்பா.

இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா பதில்ல இது தான் முதுகெலும்பு. சேலத்துல வெயில்ல காஞ்சு கிடக்கற மொளகாத்தூள் எந்த டப்பாவுலயும் சரசரன்னு விழும். ஏற்காடு 1500 மீட்டர் உயரத்துல இருக்கு, மழைக்காலத்துல பனி மூட்டம் வீட்டுக்குள்ளயே வந்துடும். சுத்தமான உப்பு காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தை தாண்டினா தண்ணியை உறிஞ்சி கசிய ஆரம்பிச்சுடும், கல்லுப்புல மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கறதால அதுக்கும் முன்னாடியே கசியும். மொளகாத்தூள்ல எண்ணெய்ப் பசை வேற. இப்ப அந்த டப்பா அடுப்புக்கு மேல இருக்குன்னு வைங்க, சாம்பார் கொதிக்கற ஆவி நேரா வாய் வழியா உள்ள ஏறும். வாய்ப்பக்கம் இருக்கற தூள் முதல்ல இறுகும், அதுக்கு மேல இருக்கற தூள் ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துக்கிட்டு வளைவு கட்டி நின்னுடும். நீங்க குமிழைத் திருகிட்டே இருப்பீங்க, உருளை காலியா சுத்தும், ஒண்ணும் வராது, கடுப்புல ரெண்டு தட்டு தட்டினா மொத்தமா சரிஞ்சு குழம்புல ஒரு கை மொளகாத்தூள் விழும். வீட்ல இருக்கற எல்லாருக்கும் இது தெரியும், ஆனா எக்ஸாமினருக்கு உங்க பேப்பர்ல எழுதியிருந்தா தான் தெரியும்.

டி2ல என்ன இருக்கு? தூளைக் கிளறற ஒரு தகடு இருக்கு, அதைத் தனிக் கைப்பிடியால சுத்தணும். டி1ல அளவு சக்கரம் இருக்கு, கிளறற எதுவும் இல்ல, வாய் எப்பவும் திறந்தே கிடக்கு. எக்ஸாமினர் சொல்றது, டி1 சக்கரத்தையும் டி2 தகடையும் சேர்த்தா உங்க சாமான் வந்துடும், துறையில கைப்பழக்கம் உள்ள எவனும் செய்வான், அதனால செக்ஷன் 2(1)(ஜேஏ)ல சொன்ன இன்வென்டிவ் ஸ்டெப் இல்ல. இதுக்கு உங்க பதில்: ரெண்டையும் சேர்த்தாலும் எங்க சாமான் வராதுங்க. ஏன்னா உங்களுதுல ஒரே திருகுக்குள்ள மூணு வேலை ஒண்ணு பின்னாடி ஒண்ணா நடக்குது. திருக ஆரம்பிச்சதும் கம்பி வளைவை உடைக்குது, அப்புறம் குழி நிரம்பி உருளை மேல்பக்கம் அடைபடுது, அதுக்கு அப்புறம் தான் கடைசியா கேம் தள்ளி மூடி திறக்குது, தூள் விழுந்ததும் மூடிக்குது. ஆவிக்கு உள்ள போக வழி கிடைக்கறதே இல்ல. டி1ல மூடி இல்ல, டி2லயும் மூடி இல்ல, இந்த வரிசை ரெண்டுலயும் இல்ல, ஈரத்துல வளைவு கட்டற பிரச்சனையை ரெண்டு பேரும் பேசவே இல்ல. டி2 தகடு உறைஞ்ச சர்க்கரையைப் பொடிக்கறதுக்கு, அளவா விடறதுக்கே இல்ல. அப்ப டி1ஐ வச்சிருக்கறவன் எதுக்குங்க டி2ஐ தேடிப் போகணும்? இந்தக் கேள்விய பதில்ல அப்படியே கேளுங்க.

மூடி விஷயத்துல எக்ஸாமினர் ஆவணம் எதுவும் காட்டாம சாதாரண பட்டறை வேலைன்னு ஒரே வரியில முடிச்சிருக்காரு. அந்த வார்த்தை சும்மா வந்ததில்ல. சுப்ரீம் கோர்ட் 1978ல பிஷ்வநாத் பிரசாத் வழக்குல சொன்னது. அதுவும் பாத்திரக் கேஸ் தான், உங்களுக்குப் பிடிக்கும். மிர்சாபூர்ல பித்தளை, ஜெர்மன் சில்வர் பாத்திரம் செய்யற நிறுவனம், தட்டை லேத்துல மாட்டி சுரண்டி பாலிஷ் போடறப்ப தட்டு பிச்சுக்கிட்டு பறக்கும், அதுக்கு எதிர்ப்பக்கத்துல இருந்து அமுக்கிப் பிடிக்கற ஒரு அமைப்பு செஞ்சு 1951ல இருந்து செல்லற மாதிரி பேட்டன்ட் வாங்கினாங்க. இன்னொரு நிறுவனம் அதே மாதிரி செய்ய, வழக்கு ஆச்சு, அலகாபாத் ஐகோர்ட்ல ஒரு நீதிபதி பேட்டன்ட் செல்லாதுன்னாரு, அப்பீல்ல செல்லும்னாங்க, கடைசில சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு முடிச்சுது. லேத்துக்கு டெயில்ஸ்டாக் (சாமானை எதிர்ப்பக்கத்துல இருந்து தாங்கற பகுதி) இருக்கறது ஊரறிஞ்ச விஷயம், அதைக் கொண்டு வந்து வச்சதுல பட்டறைக்காரன் செய்யற சாதாரண திருத்தத்துக்கு மேல ஒண்ணும் இல்லைன்னாங்க. கவனிங்க, வசதி இல்லைன்னு அவங்க சொல்லலை. தட்டு பறக்காம நின்னுச்சு, வேலைக்காரனுக்கு ஆபத்து குறைஞ்சுது, எல்லாம் சரி, ஆனா அது மட்டும் போதாதுன்னுட்டாங்க. அதனால உங்க பதில்ல உபயோகமா இருக்குன்னு பத்து தடவை எழுதறதுல பிரயோஜனம் இல்ல, துறை தெரிஞ்சவனுக்கும் ஏன் அது தோணியிருக்காதுன்னு காட்டணும்.

3(எஃப்)ஐ இதோட சேர்த்தே அடிச்சுடலாம். தெரிஞ்ச சாதனங்களை சும்மா பக்கத்துல பக்கத்துல வைக்கறது, இடம் மாத்தி வைக்கறது, ரெட்டையாக்கறது, அதுவும் ஒவ்வொண்ணும் தன்பாட்டுக்கு பழைய மாதிரியே வேலை செய்யற பட்சத்துல, அது கண்டுபிடிப்பு ஆகாதுங்கறது தான் அந்தப் பிரிவு. இந்தத் துறையில சொல்ற பழைய உதாரணம் குடையில ஃபேன், வாளியில டார்ச் லைட். ஃபேன் எரிஞ்சு போனாலும் குடை குடையாத் தான் இருக்கும். உங்க கம்பி, உருளை, கேம், மூடி நாலும் ஒரே அச்சுல கோத்துக்கிட்டு நிக்குது, ஒண்ணைக் கழட்டினா மத்தது அளவு தப்பும், இதை ஒரு பாராவுல தெளிவா எழுதிட்டீங்கன்னா அந்த ஆட்சேபணை பெரும்பாலும் உதிர்ந்துடும். ஆனா ஆறு டப்பா வச்சிருக்கேன், மத்தவங்க நாலு தான் வச்சிருக்காங்கன்னு வாதம் பண்ணீங்கன்னா நீங்களே போய் 3(எஃப்)ல உக்காந்துக்கறீங்க.

அடுத்து க்ளெய்மை திருத்தணும். செக்ஷன் 59 ரொம்ப கறார். முதல் நாள் போட்ட ஸ்பெசிஃபிகேஷன்ல இல்லாத எதையும் இப்ப சேர்க்க முடியாது, திருத்தின க்ளெய்ம் பழைய க்ளெய்மோட எல்லைக்குள்ள முழுசா அடங்கணும், சுருக்கலாம், விரிக்கக் கூடாது. உங்க அதிர்ஷ்டம், படம் 4ம் அந்த ஒரு பாராவும் இருக்கு. அது இல்லாம வெறும் பெட்டியை மட்டும் எழுதியிருந்தீங்கன்னா நான் இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்கவே மாட்டேன், விட்டுடுங்க தம்பின்னு ஒரு வரியில சொல்லியிருப்பேன். புது க்ளெய்ம் 1 இப்படிப் போகலாம்: பொடி மசாலாவை அளவா விடற சாதனம், பல டப்பாக்கள், அதைத் தாங்கற சுழலும் அடித்தட்டு, ஒரு குமிழ், குமிழைத் திருப்பினா குறிப்பிட்ட அளவு மசாலாவை வெளியே விடற வாய், டப்பாவோட வாய்க்குக் கீழ அளவுக்குழி உள்ள உருளை, இவை கொண்டது, சிறப்பம்சம் என்னன்னா உருளையோட அச்சுலயே டப்பாவுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கற வளைகம்பியும், அதே அச்சுல ஒரு கேமும், கேம் தள்ளும்போது மட்டும் திறக்கற ஸ்பிரிங் மூடியும் இருக்கு, ஒரே திருகலில் முதல்ல கம்பி பொடியைக் கலைக்கும், பிறகு குழி டப்பாவுல இருந்து துண்டிக்கப்படும், அதற்குப் பிறகே மூடி திறக்கும். ஒவ்வொரு உறுப்புக்கும் படத்துல இருக்கற எண்ணை அடைப்புக்குறிக்குள்ள போடுங்க. ஆறு டப்பாங்கற எண்ணிக்கை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இதெல்லாம் 1ஐச் சார்ந்து நிக்கற கீழ்நிலை க்ளெய்முக்கு தள்ளிடுங்க. ஆறு டப்பாங்கறதை க்ளெய்ம் 1ல வச்சா நாளைக்கு ஒருத்தன் அஞ்சு டப்பா போட்டு விப்பான், நீங்க பார்த்துட்டு இருக்கணும்.

பழைய க்ளெய்ம் 4ல கம்பியும் 6ல மூடியும் தனித்தனியா இருக்கு, அதனால ரெண்டையும் 1ல சேர்க்கறது சுருக்கம் தான், பிரச்சனை வராது. வரிசைங்கற சொல் மட்டும் க்ளெய்ம்ல முன்ன இல்ல, பாரா இருக்கற பக்க எண், வரி எண்ணைக் காட்டி ஆதாரம் இங்க இருக்குன்னு எழுதுங்க. முடிவு எடுக்கற அதிகாரிங்களான கன்ட்ரோலர்கள் முதல்ல கேக்கறதே அதைத் தான்.

பதிலோட ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் வைக்கணும்னு நான் சொல்லுவேன், சட்டம் கட்டாயப்படுத்தலை, ஆனா வச்சா பேச்சே வேற. லேப் எல்லாம் வேண்டாம். செவ்வாய்ப்பேட்டையில உங்களுக்குத் தெரிஞ்ச வெள்ளிப் பட்டறைக்காரர் யாராவது இருப்பாங்க, கொலுசுக்கு சலங்கை எடை போடற டிஜிட்டல் தராசு கொஞ்சூண்டு எடை வித்தியாசத்தையும் காட்டும். அதை ஒரு நாள் வாங்கிட்டு ஏற்காட்டுக்கு ஏறிடுங்க, மழை நாளாப் பார்த்து. கம்பியும் மூடியும் உள்ள டப்பா ஒண்ணு, ரெண்டையும் கழட்டின டப்பா ஒண்ணு, ரெண்டுலயும் ஒரே பாக்கெட் மொளகாத்தூள், கொதிக்கற பாத்திரத்துக்கு மேல ஒரே உயரத்துல வச்சு, ஒவ்வொரு திருகுக்கும் விழற தூளை எடை போட்டு எழுதிட்டே வாங்க. எத்தனையாவது திருகுல வெறும் டப்பா நின்னு போச்சு, எடை எவ்வளவு ஏறி இறங்குது, அது தான் வேணும். பக்கத்துல ஈரப்பதம் காட்டற ஒரு சின்ன மீட்டரும் வச்சு போட்டோ எடுத்துக்கங்க. முடிவு உங்களுக்கு சாதகமா வரலைன்னா நல்லது தான், மேற்கொண்டு காசு போடாம தப்பிச்சீங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, ஸ்பெசிஃபிகேஷன்ல கட்டி பிடிக்காம விழும்னு ஏற்கனவே எழுதியிருக்கறதை நிரூபிக்க மட்டும் தான் இந்தக் கணக்கு, இதை வச்சு புது நன்மை எதையும் உள்ள நுழைக்க முடியாது.

பதில்ல எழுதக்கூடாத சிலது இருக்கு, நெறைய பேர் எழுதறாங்க. இந்த மாதிரி சாமான் சந்தையிலயே இல்லைங்கன்னு எழுதுவாங்க. சந்தையில இல்லாதது பேட்டன்ட் ஆபீஸுக்கு முக்கியமே இல்ல, எங்கயாவது ஒரு பேப்பர்ல இருந்தா போதும். அப்புறம் எல்லாரும் பாராட்டினாங்க, ஆர்டர் குவியுது, கண்காட்சியில பரிசு கிடைச்சுது. அதெல்லாம் கடைசில ஒரு ஓரமா வேணா போட்டுக்கலாம், தலை வாதமா எடுபடாது. எக்ஸாமினருக்குப் புரியலைங்கற தொனியும் வேண்டாம்.

கண்காட்சின்னு சொன்னதும் ஞாபகம் வருது, அப்ளிகேஷன் போட்ட அப்புறம் தான் ஏற்காடு கோடை விழாவுல ஸ்டால் போட்டு காமிச்சோம்னு எழுதியிருந்தீங்க. அப்ப தப்பிச்சீங்க. போடறதுக்கு முன்னாடி காமிச்சிருந்தா உங்க ஸ்டாலே உங்களுக்கு எதிரான சாட்சி. செக்ஷன் 31ல கண்காட்சிக்கு 12 மாச சலுகை இருக்கு, உண்மை தான், ஆனா மத்திய அரசு கெஜட்ல அந்தக் கண்காட்சிக்குன்னு அறிவிச்சிருக்கணும், ஊர் பொருட்காட்சி, திருவிழா ஸ்டால் எல்லாம் தானா அதுல வந்துடாது. யூட்யூப்ல ஷார்ட்ஸ் போட்டுட்டு அப்புறம் பேட்டன்ட் கேக்க வர்றவங்க தான் இப்ப ஜாஸ்தி, அவங்க வீடியோவையே டி1ன்னு காட்டலாம். யாராவது இதைப் படிச்சுட்டு ஏதோ செஞ்சுட்டு இருந்தீங்கன்னா முதல்ல ஒரு தற்காலிக ஸ்பெசிஃபிகேஷன் போட்டுடுங்க, தனி ஆளுக்கு ஆன்லைன்ல 1600 ரூபா, முழுசா எழுத 12 மாசம் டைம் கிடைக்கும். பரிசோதனை தானா நடக்காது, படிவம் 18ல கேக்கணும், தனி ஆளுக்கு 4000. 2024 மார்ச் 15ல இருந்து போட்ட அப்ளிகேஷனுக்கு அதை 31 மாசத்துக்குள்ள கேக்கணும், முன்ன 48 மாசம் இருந்துச்சு, பழைய கணக்கை நம்பிட்டு இருக்காதீங்க. விண்ணப்பதாரர்ல ஒருத்தராவது பெண்ணா இருந்தா படிவம் 18ஏ போட்டு சீக்கிரப் பரிசோதனை கேக்கலாம், அதுக்கு 8000. சமையலறை சாமானைக் கண்டுபிடிக்கறதுல பாதி யோசனை வீட்டுப் பொம்பளைங்களோடது, அப்ளிகேஷன்ல மட்டும் பேரு வர்றதில்ல, அதை நியாயமா எழுதினாலே இந்த சலுகையும் சேர்ந்து வருது.

தட்டுவடை செட் மாடலுக்கு வர்றேன். அதை இந்த அப்ளிகேஷன்ல சேர்க்க முடியாது, மேல சொன்ன செக்ஷன் 59 தான் காரணம். செக்ஷன் 54ல பேட்டன்ட் ஆஃப் அடிஷன்னு ஒண்ணு இருக்கு, மூலக் கண்டுபிடிப்போட மேம்பாடு, மாற்றம்னா அதுல போகலாம். ஆயுசு மூலப் பேட்டன்ட்டோட முடிஞ்சுடும், ஆனா தனியா ரென்யூவல் கட்டணம் கிடையாது. இன்னொரு நல்லது, மூலத்தோட ஒப்பிட்டு இன்வென்டிவ் ஸ்டெப் இல்லைன்னு மட்டும் சொல்லி அதைத் தள்ள முடியாது, புதுசா இருந்தா போதும். உங்க கேஸ்ல அது பொருந்துமான்னா எனக்கு சந்தேகம். ரெட் சட்னி, புதினா சட்னி ரெண்டும் தண்ணியும் இல்லாம தூளும் இல்லாம நார் நாரா இருக்கற சரக்கு, அங்க வளைவு கட்டறது பிரச்சனையே இல்ல. சொட்டு நிக்காம ஒழுகறது, மூக்குல புதினா நார் அடைச்சுக்கறது, ராத்திரி கடை மூடினப்புறம் பிரிச்சுக் கழுவறது, இது தான் பிரச்சனை. உருளையை விட்டுட்டு பம்புக்கு போயிட்டீங்கன்னா அது வேற கண்டுபிடிப்பு, தனி அப்ளிகேஷன் போடுங்க. எதுவா இருந்தாலும் அம்மாபேட்டை கடைக்காரர்கிட்ட ட்ரையலுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி போட்டுடுங்க, தள்ளுவண்டிக்கு முன்னாடி நிக்கறவங்க எல்லாரும் பார்க்கறது தான் பொதுவெளியில பயன்படுத்தறது.

காசு போடலாமான்னு கேட்டதுக்கு என் அபிப்பிராயம். பெட்டிக்காகன்னா வேண்டாம், அந்தக் கம்பி கேம் மூடிக்காகன்னா போடலாம். குறுகலான க்ளெய்ம் தான் கிடைக்கும், கேம் இல்லாம வேற வழியில மூடியைத் திறக்கறவனை நீங்க ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா மலைப்பிரதேசத்துக்கும் கேரளாவுக்கும் விக்கறவன் எவனா இருந்தாலும் அந்த ஈரப் பிரச்சனைய தீர்த்தாகணும், அவன் உங்க வழிக்கு வர வாய்ப்பு இருக்கு. ரென்யூவல் தனி ஆளுக்கு 3வது வருஷத்துல இருந்து 6 வரை வருஷம் 800, 7ல இருந்து 10 வரை 2400, 15 வரை 4800, 20 வரை 8000, முழுசா கட்டினா 76,800 ஆகுது, பாதியில விக்கலைன்னா நிறுத்திக்கலாம். பெட்டியோட உருவம் தான் உங்களுக்கு முக்கியம்னா அது 2000ம் வருஷ டிசைன்ஸ் சட்டத்துல போகும், 10 வருஷம், மேல 5 வருஷம். ஆனா கோடை விழாவுல அந்த உருவத்தை ஊரே பார்த்துடுச்சே, அந்தக் கதவு இந்த மாடலுக்கு சாத்திடுச்சு. அடுத்த மாடல் உருவத்தை வெளிய காட்டறதுக்கு முன்னாடி டிசைன் போடுங்க.

பதில் போட்ட அப்புறம் பெரும்பாலும் ஹியரிங் நோட்டீஸ் வரும். செக்ஷன் 14 ஹியரிங், கன்ட்ரோலரும் எக்ஸாமினரும் லைன்ல இருப்பாங்க. சாமானைக் கையில வச்சுக்கங்க, ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி அக்ரிலிக் போட்டு உள்ள கம்பி எப்படி போகுது மூடி எப்ப திறக்குதுன்னு கேமரா முன்னாடி மெதுவா திருகிக் காட்டலாம், பத்து பக்க வாதத்தை விட அது சீக்கிரம் வேலை செய்யும். ஆனா ஹியரிங்ல வாயால சொன்னது முழுசா ஆர்டர்ல வராது, முடிஞ்ச 15 நாளைக்குள்ள எழுத்துல போடணும், பல பேர் அதை விட்டுட்டு அப்புறம் ஆர்டரைப் பார்த்து திகைக்கறாங்க. மறுத்துட்டாங்கன்னா 3 மாசத்துக்குள்ள ஐகோர்ட்ல அப்பீல், முன்ன இதுக்கு தனி ட்ரிபியூனல் இருந்துச்சு, 2021ல அதைக் கலைச்சுட்டாங்க. இந்த சாமானுக்கு அப்பீல் வரைக்கும் போறது கட்டுப்படியாகுமான்னு அப்ப பார்த்துக்கலாம்.

இப்போதைக்கு பதில் டிராஃப்ட், க்ளெய்ம் திருத்தம் தெரியற மாதிரி கோடு போட்ட காப்பி ஒண்ணு, க்ளீன் காப்பி ஒண்ணு, திருத்தம் கேக்கற படிவம் 13, படிவம் 3, உத்யம் சர்டிஃபிகேட், டெஸ்ட் ரிப்போர்ட், இத்தனையையும் ஒரு ஃபோல்டர்ல எடுத்து வைங்க. எஃப்இஆர் தேதியை எனக்கு அனுப்புங்க, ஏற்காட்டுல மழை பிடிக்கறதுக்குள்ள 6 மாசம் முடியுதுன்னா படிவம் 4 இப்பவே போட்டு வச்சுக்கலாம்.